மழைக்கு முந்திக்கொண்டு தேன் எடுக்காதீர்கள்

"சார், மலைப்பக்கம் கறுத்துட்டு வருது. மழைக்கு முந்தி தேனை எடுத்துரட்டா?"

மாசி, பங்குனி மாதங்களில் எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விதான். அன்று பேசியவர் குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்து அக்கா ஒருவர். ரப்பர் தோட்டத்துக்குள் இருபது தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். பெட்டியில் மேலே இருப்பது தேன் அறை; அதில் தேனடை கட்டிய மரச்சட்டங்கள் தொங்கும், தேன் பக்குவமானதும் தேனீ அதை மெழுகால் மூடும். "தேன் அறையில எத்தனை சட்டம் மூடியிருக்கு?" என்று கேட்டேன். "ரெண்டு சட்டம் பாதி மூடியிருக்கு. மத்ததெல்லாம் திறந்துதான் கெடக்கு" என்றார். "அப்போ தொடாதீங்க அக்கா. மழை பெய்யட்டும்" என்றேன். அவர் சரி என்று சொன்ன விதத்திலேயே மனசு ஆறவில்லை என்பது தெரிந்தது.

ஊட்டிப் பக்கம் உறைபனி விழுந்தால் தேயிலைக் கொழுந்து கருகும். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அதற்கு ஈடாக ஒரு வாரம் நமக்கும் வரும். விடியற்காலையில் மூடுபனி, பதினோரு மணிக்கு மண்டை பிளக்கும் வெயில், சாயங்காலம் இடியோடு மழை; மறுநாள் மழையே இல்லாமல் வெறும் மேகமூட்டம். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். குமரி மாவட்டத்தில் மாசிப்பனி துளைப்பது ரப்பர் கொழுந்தை. தேனீ வளர்ப்பவனின் வருமானம் இருப்பதும் அந்தக் கொழுந்தில்தான்.

ரப்பர் தேன் பூவில் இருந்து வருவதாகத்தான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது இலையில் இருந்து வருகிறது. இலை கொட்டி மொட்டையாக நின்ற மரம் புதுத் தளிர் விடும்போது, செம்பு நிறத்தில் இருந்த இலை வெளிர்பச்சைக்கு மாறும் நாட்களில், ஒரு தாழ்ந்த கிளையை வளைத்துப் பாருங்கள். மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கும். அதிகாலையில் அதன்மேல் துளி மினுங்கும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் இனிக்கும். இலை முற்றிவிட்டால் சுரப்பு நின்றுவிடும். அதனால் நமக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான்.

அந்த நேரத்தில் மழை பெய்தால் துளி கழுவிப் போகும். மழை விட்ட மறுநாளே சுரப்பு பழையபடி வந்துவிடாது, இரண்டு மூன்று நாள் வெயில் வேண்டும். மழையை விட மோசமானது மூடுபனியும் தூறலும். இளம் இலையில் வெள்ளையாக மாவு தூவியதுபோலச் சாம்பல் நோய் பிடிக்கும். இலை சுருங்கி உதிர்ந்து, வெறும் காம்பு மட்டும் துடைப்பக் குச்சிபோல மரத்தில் நிற்கும். அப்படி நின்றால் அந்தத் தோட்டத்தில் அந்த வருஷத் தேன் ஏறக்குறைய முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் மேகத்தைப் பார்த்ததும் கை பரபரக்கிறது. எனக்கும் பரபரத்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நாற்பது பெட்டியையும் ஒரே நாளில் எடுத்தேன், மூடாத சட்டத்தையும் விடவில்லை. பேராசையில் கீழே குஞ்சு வளரும் புழு அறையின் ஓரத்தில் இருந்த தேனையும் வழித்தேன். அன்று இரவு தொடங்கிய மழை நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் ஆறு பெட்டி காலி. சாகவில்லை, ராணியோடு கூண்டோடு கிளம்பிவிட்டன. நம்முடைய இந்தியத் தேனீயின் குணம் அது. சாப்பாடு இல்லாத வீட்டில் தங்காது. எடுத்த தேனாவது மிஞ்சியதா என்றால், மூன்றாம் வாரம் கேன் மூடியைத் திறந்தபோது நுரைத்துப் பொங்கியது. கள்ளு வாடை. என் மனைவி இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

தேனீ கொண்டுவரும் இனிப்பு நீர், தேன் ஆவதற்கு நேரம் வேண்டும். இறக்கையால் விசிறி விசிறி நீரை வற்றவைத்து, பக்குவம் வந்தபிறகுதான் அடையின் கண்களை மெழுகால் மூடும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஈரம் அளக்கும் கருவி இல்லாதவர்கள் ஒன்று செய்யலாம். சட்டத்தில் முக்கால்வாசி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அதைக் கிடையாகப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குங்கள். துளி தெறித்தால் திருப்பி வையுங்கள். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தண்ணித் தேன் விற்று அந்தப் பெயரைக் கெடுக்க நாமே போதும்.

மழை வாரத்தில் கவனிக்க வேண்டியது அதிகம் இல்லை. பெட்டி முன்பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் உள்ளே போன தண்ணீர் வடியும். மேலே ஓலையோ தகரமோ போட்டு, காற்றில் பறக்காமல் கல் வையுங்கள். தாங்கியின் கால் நிற்கும் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள், மழைக்கு இடம் தேடும் எறும்பு நேராக இங்கேதான் வரும். இடி கேட்டால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்; மரத்தடியில் நிற்கவும் வேண்டாம். தாமினி செயலி சுற்று வட்டாரத்து மின்னலைக் காட்டும், போனில் போட்டு வையுங்கள்.

சர்க்கரைப் பாகு பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். தேன் அறை மேலே இருக்கும்போது பாகு வைக்காதீர்கள். தேனீ அதைக் கொண்டுபோய்த் தேனோடு சேர்த்துவிடும். நீங்கள் நினைக்காமலே கலப்படம் செய்தவர் ஆகிவிடுவீர்கள். மழைக்கு ஈ சாப்பிடுவதற்குத்தான் அந்தத் தேன், இரண்டு சட்டம் குறைந்தால் குறையட்டும். நிஜமாகவே பட்டினி என்றால், அதாவது வாசலில் புழுவை இழுத்துப் போட்டிருந்தால், தேன் அறையைக் கழற்றிவிட்டு, பொழுது சாய்ந்தபிறகு சிரட்டையில் பாகு ஊற்றி, ஈ மூழ்காமல் இருக்க நாலு ஈர்க்குச்சி போட்டு வையுங்கள்.

அந்த அக்காவின் தோட்டத்துக்கு மழை விட்ட நான்காம் நாள் போனேன். அவரே கிளையை வளைத்து நக்கிப் பார்த்து, "வந்தாச்சு சார்" என்றார். இருபது பெட்டியிலும் ஈ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மரத்தில் மட்டும் இலையில் வெள்ளை தெரிந்தது.

"பக்கத்துத் தோட்டக்காரர் நாளைக்கு மருந்து அடிக்காராம். பெட்டியைத் தூக்கிரவா?"

என்ன மருந்து என்று முதலில் கேட்கச் சொன்னேன். சாம்பல் நோய்க்கு வழக்கமாகத் தூவுவது கந்தகத் தூள்தான். அதனால் ஈக்குப் பெரிய கெடுதல் இல்லை. இலை தங்கினால்தானே நமக்கும் தேன்? பனி ஈரம் இலையில் இருக்கும்போதே தூவினால்தான் ஒட்டும் என்பதால் அவரும் விடியற்காலையில்தான் வருவார், ஈ வெளியே கிளம்புமுன் முடித்துவிடச் சொல்லலாம். பூச்சிமருந்து என்றால் கதை வேறு; அன்று இரவே பெட்டியை மாற்றியாக வேண்டும். அக்கா வேலி ஓரம் போய் நின்று அவரைக் கூப்பிட்டார்.