தள்ளுபடி எவ்வளவு என்று கேட்காதீர்கள், மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்

திருச்சியில் வாகனக் காப்பீட்டு ஆலோசகராக இருக்கிறேன். புது கார் எடுப்பவர்கள் பெரும்பாலும் என்னிடம் வருவது எல்லாம் முடிந்த பிறகுதான். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சமயபுரம் போய் பூஜையும் முடித்துவிட்டு, "சார், இன்சூரன்ஸ் கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுட்டாங்களோ?" என்று பாலிசியை நீட்டுவார்கள். சமீபத்தில் வந்த ஓர் ஆசிரியையின் கணக்கைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

1200 சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் வண்டி. ஷோரூம் விலை 9,40,000 ரூபாய். அவரும் கணவரும் பலமுறை போய்ப் பேசி 40,000 குறைத்திருக்கிறார்கள். அதில் அவர்களுக்கு உண்மையான சந்தோஷம். கொட்டேஷனை வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். இன்சூரன்ஸ் 58,400. அதே மதிப்புக்கு, அதே கூடுதல் கவர்களோடு, பழைய காரில் க்ளெய்ம் கேட்காததற்காக அவருக்குச் சேர வேண்டிய போனஸையும் கழித்து வேறு கம்பெனியில் போட்டுப் பார்த்தால் 33,000 வந்தது. அக்சஸரீஸ் 19,500: மிதியடி, மட் ஃப்ளாப், சீட் கவர், கதவு ஓரத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை. வெளிக்கடையில் இதே தரத்தில் பாதி விலை. 'ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ்' 7,500. வண்டிக்கு அடியில் அடிக்கும் கோட்டிங் 6,000. இன்சூரன்ஸ் வித்தியாசத்தையும் அக்சஸரீஸில் பாதியையும் இவற்றோடு கூட்டினால் 48,000 ரூபாய்க்கு மேல் வீணாகப் போயிருக்கிறது. ஷோரூம் ஒரு கையால் 40,000 கொடுத்து மறு கையால் 48,000 வாங்கியிருக்கிறது. எல்லாமே தாளில் அச்சடித்து, கையெழுத்தும் வாங்கி.

தாளில் ஒரே ஒரு வரிக்குத்தான் இவர்கள் பேரம் பேசினார்கள். மற்ற வரிகளை விதி என்று விட்டுவிட்டார்கள். அதில் நிஜமாகவே மாற்ற முடியாதது ஆயுள்கால வரியும் பதிவுக் கட்டணமும் மட்டும்தான். மற்றதெல்லாம் பேசலாம், அல்லது வேண்டாம் என்று சொல்லலாம்.

எனக்கு அதிகக் கோபம் வருவது ஒரு விஷயத்தில். "வெளியில் இன்சூரன்ஸ் போட்டால் வாரண்டி போய்விடும் என்று சொன்னார்கள்." இதை நான் கேட்காத வாரமே இல்லை. படித்தவர்கள், பேங்கில் வேலை பார்ப்பவர்கள், வக்கீல்கள் கூட இதை நம்பிப் பணம் கட்டுகிறார்கள். வாரண்டி என்பது கார் கம்பெனிக்கும் உங்களுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். தயாரிப்பில் குறை இருந்தால் சரிசெய்து தருவோம் என்பது அது. இன்சூரன்ஸ் என்பது காப்பீட்டு நிறுவனத்துக்கும் உங்களுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். இடித்தால், திருடு போனால், வெள்ளத்தில் மூழ்கினால் பணம் தருவோம் என்பது அது. இரண்டும் வேறு தாள், வேறு கம்பெனி, வேறு காரணம். கியர் பாக்ஸ் தானாகக் கெட்டால், உங்கள் பாலிசியை யார் போட்டார் என்று கார் கம்பெனி கேட்காது. கேட்க உரிமையும் கிடையாது. வண்டியோடு வரும் வாரண்டிப் புத்தகத்தை எடுத்து முழுக்கப் படியுங்கள். எதனால் வாரண்டி போகும் என்று பட்டியலே இருக்கும். சர்வீஸ் தவறினால், கண்டபடி வயரை வெட்டி விளக்கு மாட்டினால் போகும் என்று இருக்கும். எங்கே இன்சூரன்ஸ் போட்டீர்கள் என்று எங்கும் இருக்காது.

சரி, வாரண்டி இல்லையென்றால் அடுத்த பயமுறுத்தல்: "விபத்து என்றால் இங்கே கேஷ்லெஸ் கிடைக்காது." கேஷ்லெஸ் என்பது, பழுதுச் செலவை நீங்கள் கட்டாமல் கம்பெனியே நேரடியாகக் கட்ட அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அந்தப் பணிமனைக்கும் உள்ள ஏற்பாடு. பாலிசியை ஷோரூம் போட்டதா, நான் போட்டேனா, நீங்களே இணையத்தில் போட்டீர்களா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் வண்டி விடப்போகும் சர்வீஸ் சென்டர் அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறதா? கம்பெனியின் இணையதளத்திலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இருக்கிறதென்றால் பேச்சு முடிந்தது. டீலர்கள் இன்சூரன்ஸ் விற்பதற்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2017-இல் தனி வழிகாட்டுதலே கொண்டுவந்தது. இங்கேதான் போட வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஷோரூமுக்கு இன்சூரன்ஸில் வருமானம் இருப்பது போலவே எனக்கும் கமிஷன் உண்டு. அதனால் என் கொட்டேஷனையும் கண்ணை மூடி ஏற்காதீர்கள், இன்னொரு இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிடும்போது மூன்று விஷயம். முதலாவது, மூன்றாம் நபர் பிரீமியம், அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கானது. அது எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். புது காருக்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் உள்ள விதி. 1000 முதல் 1500 சிசி வரை உள்ள காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த தொகை 10,640 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. விலை மாறுவது சொந்தச் சேதத்துக்கான பகுதியிலும் கூடுதல் கவர்களிலும்தான். இரண்டாவது, ஐடிவி எனப்படும் வண்டி மதிப்பு, அதாவது வண்டி திருடு போனால் கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை. புது வண்டிக்கு ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழித்தது. 9,40,000 வண்டிக்கு 8,93,000 இருக்க வேண்டும். நீங்கள் பிரீமியத்தைக் குறைக்கச் சொன்னதும் சிலர் ஐடிவியைக் குறைத்துவிட்டு "குறைத்துவிட்டோம்" என்பார்கள். வண்டி திருடு போன அன்றுதான் அது தெரியும்.

மூன்றாவதுதான் அந்த ஆசிரியை இழந்தது. அவர் பழைய காரை எக்ஸ்சேஞ்ச் கொடுத்திருக்கிறார். அதில் வருடக்கணக்காக ஒரு க்ளெய்ம் கூட இல்லை, நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவீதத்துக்கு வந்திருந்தது. அந்த போனஸ் காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்றதும் அதன் இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கினால், மூன்று வருடத்துக்குள் எடுக்கும் புது காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் அப்படியே கழியும். ஷோரூமில் யாரும் அவரைக் கேட்கவில்லை, அவருக்கும் தெரியவில்லை. இப்போது வெளியான பாலிசியைத் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதி அலைந்துகொண்டிருக்கிறோம். பழைய கார் கொடுப்பவர்களே, தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

கூடுதல் கவர்களில் ஜீரோ டெப், அதாவது மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கவர், அவசியம். எஞ்சின் பாதுகாப்பு கவரையும் விடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சினைக் கெடுத்துக்கொண்டவர்களில், இந்த கவர் இல்லாதவர்கள் கைக்காசு போட்டார்கள். சாவி தொலைந்தால், டயர் கிழிந்தால் என்று வருபவற்றை யோசித்து எடுங்கள். உரிமையாளருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்கள் வேறு வண்டியிலோ தனி பாலிசியிலோ ஏற்கெனவே இருந்தால், இன்னொரு முறை கட்ட வேண்டாம், சொல்லிவிடுங்கள்.

இனி விலைக்கு வருவோம். "டாப் மாடல் வெறும் ஐம்பதாயிரம்தான் சார் ஜாஸ்தி" என்ற வார்த்தைக்கு உடனே தலையாட்டாதீர்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள்கால வரி உயர்ந்தது. 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9,80,000 வண்டிக்கு வரி 1,27,400. 10,30,000 வண்டிக்கு 1,85,400. அந்த ஐம்பதாயிரம் வித்தியாசம் வரியிலேயே இன்னொரு 58,000 கேட்கும். 10 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வாங்கிக் கட்டும் வருமான வரி, வேறு பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். ஆனால் அன்றைக்குக் கையிலிருந்துதான் போகும். 10 லட்சம் என்ற எல்லை ஓரத்தில் விலை நிற்கும் வண்டி என்றால் இரண்டு மாடலுக்கும் சாலைக்கு வரும் மொத்த விலையைத் தனித்தனித் தாளில் கேளுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமானது. அதற்கு முன் சிறிய பெட்ரோல் காருக்கு செஸ் சேர்த்து 29. அந்தக் குறைப்பைக் காட்டி, "ஏற்கெனவே அறுபதாயிரம் இறங்கியிருக்கு, இதுக்கு மேல எப்படி?" என்று சொல்வார்கள். அது அரசாங்கம் குறைத்த வரி. டீலர் உங்களுக்குத் தரும் தள்ளுபடியோடு அதைச் சேர்த்து எண்ணாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி இது: கம்பெனி ஆஃபர் எவ்வளவு, எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு, அரசு ஊழியர் அல்லது கார்ப்பரேட் சலுகை எவ்வளவு, இதற்கு மேல் டீலர் தருவது எவ்வளவு? நான்கையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்சில் பழைய வண்டியின் விலையை 30,000 அடித்துக் குறைத்துவிட்டு, 25,000 போனஸ் என்று எழுதிக் கொடுப்பதும் நடக்கிறது. முதலில் வெளியில் இரண்டு இடத்தில் பழைய வண்டிக்கு விலை கேட்டுக்கொண்டு போங்கள். ஆர்சி இன்னொருவர் பெயருக்கு மாறும்வரை அந்த வண்டி இடித்தால் போலீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும். வண்டியை ஒப்படைத்த அத்தாட்சியைக் கேட்டு வாங்குங்கள்.

"முழுப் பணமும் கையில் இருக்கு, அதைக் காட்டினால் நல்லாக் குறைப்பாங்க" என்பது அப்பா காலத்து நம்பிக்கை. இன்று கடன் பிடித்துக் கொடுத்தால் ஷோரூமுக்கு பேங்கிலிருந்து கமிஷன் வரும். ரொக்கம் என்று முதலிலேயே சொன்னால் குறைக்க அவர்களுக்கு ஒரு காரணம் குறைகிறது. விலை முடியும்வரை பணம் கட்டும் முறையைப் பற்றிப் பேச வேண்டாம். நோட்டுக் கட்டாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்குவதை 2017 ஏப்ரலிலிருந்தே வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

கடன் எடுப்பவர்கள் 'ஃப்ளாட்' வட்டியை, அதாவது அசல் குறையக் குறையவும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே போடும் வட்டியை, கேட்டு மயங்க வேண்டாம். 8 லட்சத்துக்கு 5.5 சதவீத ஃப்ளாட் என்றால் ஐந்து வருட வட்டி 2,20,000, மாதத் தவணை 17,000. இதே 17,000 தவணை, குறையும் நிலுவைக் கணக்கில் கிட்டத்தட்ட 10 சதவீத வட்டி. 2024 அக்டோபர் முதல் கார் கடன் உட்பட தனிநபர்கள் எடுக்கும் தவணைக் கடன்களுக்கு மொத்த ஆண்டுச் செலவு விகிதம் போட்ட ஒரு தகவல் தாளை பேங்க் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அதைக் கையில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் பேங்கிலும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

எப்போது போவது? மாதக் கடைசி, மார்ச், டிசம்பர். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு, ஆடி. வண்டி எடுக்க ஆள் வராத மாதம், ஆனால் ஷோரூமின் ஜூலை மாத விற்பனைக் கணக்கு ஆடியின் நடுவில்தான் முடிகிறது. ஆடியில் எடுக்க மனம் இல்லையென்றால் பில்லை ஜூலைக்குள் போடச் சொல்லிவிட்டு, சாவியை ஆவணியில் நல்ல நாள் பார்த்து வாங்கிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். ஆயுத பூஜைக்கு டெலிவரி வேண்டும் என்று அடம்பிடித்தால் விலையில் இறங்க அவர்களுக்கு அவசியமே இல்லை. "நாளைக்கு முகூர்த்தம் சார், இப்பவே முடிச்சிடலாம்" என்று உங்களை அவசரப்படுத்துவதும் அதே நல்ல நாளை வைத்துத்தான்.

ஷோரூமில் உங்களிடம் பேசும் தம்பியிடம் கத்தாதீர்கள். சொற்பச் சம்பளம், தலைக்கு மேல் டார்கெட். விலை குறைக்கும் அதிகாரம் அவனிடம் இல்லை. கிளம்பும் நேரத்தில் மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். அதே கம்பெனியின் இன்னொரு டீலர் கொட்டேஷனை, திருச்சியில் இல்லாவிட்டால் தஞ்சாவூரிலோ மதுரையிலோ வாங்கியதை, மேஜையில் வையுங்கள். அதற்கு மேல் அதிகம் பேசத் தேவையில்லை. முன்பணத்தை டீலர் நிறுவனத்தின் கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும். அந்தத் தம்பியின் ஜிபேக்கு ஒரு ரூபாய் கூடப் போகக் கூடாது. புக்கிங் ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதையும் ஆர்டர் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

பதிவுக்குப் போகும் முன்பே வண்டியை நேரில் பாருங்கள். சேசிஸ் எண்ணைக் கதவோரத் தகட்டிலும் பில்லிலும் ஒப்பிடுங்கள். விற்பனைச் சான்றிதழான படிவம் 21-இல் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். போன வருட வண்டி என்றால் அதற்கு ஏற்ற விலை பேசுங்கள், வேண்டாமென்றால் மறுத்துவிடுங்கள். உங்கள் பெயரில் எண் விழுந்த பிறகு மறுக்க வழி குறைவு.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு: 'ஹேண்ட்லிங்' பணத்துக்குத் தனி ரசீது கேட்டு எழுத்தில் கடிதம் கொடுங்கள். தரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இன்சூரன்ஸைக் கட்டாயமாகத் தலையில் கட்டியிருந்தால் ஐஆர்டிஏஐயின் 155255. புகார் சொல்லும்போது கொட்டேஷனும் பில்லும் பாலிசியும் கையில் இருக்கட்டும், மூன்றையும் கேட்பார்கள்.