பகட்டு நுகர்வு: வெப்ளன் ஆக்கிய சொல்லும் அதற்கான தமிழும்

ஒரு பொருள் தரும் பயனுக்காக அல்லாமல், அதை வாங்கும் வசதி தமக்கு உண்டு என்பதைப் பிறர் காண வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் செலவைப் பகட்டு நுகர்வு என்கிறோம். ஆங்கிலத்தில் ‘கான்ஸ்பிக்யுவஸ் கன்சம்ஷன்’ எனப்படும் இத்தொடரை ஆக்கித் தந்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டீன் வெப்ளன். நார்வேயிலிருந்து குடியேறிய உழவர் குடும்பத்தில், விஸ்கான்சின் மாநிலத்தில் 1857இல் பிறந்தவர் அவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது 1899இல் வெளியிட்ட ‘தி தியரி ஆஃப் தி லெஷர் கிளாஸ்’ என்ற தம் முதல் நூலின் நான்காம் இயலுக்கு இத்தொடரையே தலைப்பாக வைத்தார்.

வெப்ளன் காட்டிய சான்றுகளில் எனக்கு மிகவும் தெளிவாகத் தோன்றுவது கரண்டி. அவர் காலத்தில் கையால் செய்த வெள்ளிக் கரண்டியின் விலை 10 முதல் 20 டாலர். இயந்திரத்தில் செய்த அலுமினியக் கரண்டியின் விலை 10 முதல் 20 சென்ட். உணவை எடுத்து உண்பதற்கு இரண்டும் ஒன்றே. வெள்ளிக் கரண்டி அழகானது, அந்த அழகுக்காகவே வாங்குகிறோம் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் கையால் செய்தது என்று நம்பி வைத்திருந்த கரண்டி உண்மையில் நுட்பமான போலி என்று தெரியவந்தால், அதன் வடிவும் பளபளப்பும் கொஞ்சமும் மாறாதபோதும், அது தந்துவந்த நிறைவில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு உடனே போய்விடும் என்கிறார் வெப்ளன். நாம் அழகு என்று எண்ணியதில் பெரும்பகுதி விலையே என்பது அவர் முடிவு.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘கான்ஸ்பிக்யுவஸ்’ என்பதன் வேர் ‘பார்த்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினை. கண்ணில் படுவது என்பதே அதன் நேர்ப்பொருள். ‘கன்சம்ஷன்’ என்பதற்கு வேரான இலத்தீன் வினையோ பயன்படுத்தித் தீர்த்தல், அழித்தல் என்ற பொருளது. ஆகவே பிறர் பார்க்கத் தீர்த்தல் என்பதே தொடரின் உட்பொருள். தமிழில் ‘நுகர்தல்’, ‘துய்த்தல்’ ஆகிய இரண்டு சொற்களும் வேறு திசையில் நிற்கின்றன. கோடி தொகுத்தவர்க்கும் துய்த்தல் அரிது என்று குறள் சொல்லும்போது, துய்த்தல் என்பது ஒருவர் தாமே பெறும் இன்பத்தைக் குறிக்கிறது. பொருளியல் தமிழில் ‘நுகர்வு’ நன்கு வேரூன்றிவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை. ஆயினும் அழித்துத் தீர்த்தல் என்ற நிழல் அதில் இல்லை என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். வெப்ளனின் வாதத்தில் அந்த நிழல் இன்றியமையாதது, ஏனெனில் வீணாவதாலேயே அச்செலவு வசதிக்குச் சான்றாகிறது.

முன்னொட்டுச் சொல்லில்தான் கருத்து வேறுபாடு. சிலர் ‘ஆடம்பர நுகர்வு’ என்று எழுதுகின்றனர். ஒருவகைப் பறையையும் அதன் முழக்கத்தையும் குறித்த வடசொல்லே ஆடம்பரம். இன்றைய தமிழில் அது விலை உயர்ந்த பொருளையும் வசதியான வாழ்வையும் சுட்டுகிறது. ‘படாடோபம்’ பாம்பு படம் விரித்தலைக் குறித்த வடசொல்லிலிருந்து வந்தது. பார்ப்பவரை நோக்கிய செயல் என்ற கருத்து அதில் அழகாக உண்டு, ஆனால் கலைச்சொல்லாக நிற்க முடியாத அளவுக்கு அதில் ஏளனம் ஏறிவிட்டது. ‘பகட்டு’ என்பது தமிழ் வினை. பகட்டுதல் என்றால் வெளிமினுக்குக் காட்டிக் கண்ணை மயக்குதல். காட்டுபவர், காண்பவர் என்ற இருவரும் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆகவே ‘பகட்டு நுகர்வு’ என்பதே தகும் என்பது என் துணிபு. பூட்டிய அறைக்குள் ஒருவர் தனியாக உண்ணும் விலை உயர்ந்த உணவு ஆடம்பரமாகலாம், பகட்டு ஆகாது.

இந்த வேறுபாட்டை வலியுறுத்தக் காரணம் உண்டு. ஆடம்பரம் என்று சொன்னவுடன் பேச்சு செல்வரோடு முடிந்துவிடுகிறது. கொடிய வறுமையில் வாழும் வகுப்பு உட்பட எந்த வகுப்பும் வழக்கமான பகட்டு நுகர்வை முற்றிலும் கைவிடுவதில்லை என்று வெப்ளன் எழுதினார். ஒவ்வொரு வகுப்பும் தனக்கு அடுத்து மேலே இருப்பதை அளவுகோலாகக் கொள்கிறது. அண்டை வீட்டாரே ஒருவரை ஒருவர் அறியாத நகரத்தில், ஒருவரது நிலையை அயலார் அறியக் கண்ணில் படும் பொருளைவிட வேறு வழி குறைவு. அதனால் பகட்டு நுகர்வின் தேவை கிராமத்தைவிட நகரத்தில் மிகுகிறது. நடுத்தரக் குடும்பத்தில் கணவர் ஓயாது உழைக்க, குடும்பத்தின் மதிப்புக்காக மனைவி அவர் சார்பில் உடுத்தவும் உழைக்காதிருக்கவும் வேண்டியிருக்கிறது என்று கண்ட அவர், அதைத் தனி வகையாகப் பிரித்தார். அதைப் ‘பதிலி நுகர்வு’ எனலாம்.

இதனோடு சேர்ந்து வரும் இரண்டு சொற்களையும் குறிப்பிட வேண்டும். அந்நூலின் தலைப்பிலுள்ள ‘லெஷர் கிளாஸ்’ என்பதை ‘ஓய்வு வகுப்பு’ என்பது பொருத்தமன்று. ஓய்வு உழைப்புக்குப் பின் வருவது; வெப்ளன் பேசியதோ உழைப்பையே இழிவென்று ஒதுக்கிய வகுப்பைப் பற்றி. ‘உழையா வகுப்பு’ என்பது நெருங்கி வரும். அடுத்தது, செல்வத்தில் பிறரை எட்டிப்பிடிக்கும் முனைப்பைச் சுட்டும் ‘பெக்யூனியரி எமுலேஷன்’ என்ற தொடரில் வரும் ‘பெக்யூனியரி’ என்ற சொல். கால்நடையைக் குறித்த இலத்தீன் வேரிலிருந்து பணத்தைக் குறிக்க வந்தது அது. கல்வியே கேடில்லாத செல்வம், மற்றவை ‘மாடல்ல’ என்னும் குறளில் மாடு செல்வத்தைக் குறிப்பதை அறிந்த தமிழருக்கு இச்சொல்லின் வரலாறு அயலாகத் தோன்றாது. ‘செல்வப் போட்டி’ என்று அத்தொடரைத் தமிழாக்கலாம்.

பின்வந்த பொருளியலில் வெப்ளனின் பெயர் நிலைத்த விதம் எனக்கு மனநிறைவு தரவில்லை. விலை ஏறுவதாலேயே தேவை கூடும் நிலைக்கு 1950இல் பொருளியலாளர் ஹார்வி லைபன்ஸ்டைன் ‘வெப்ளன் விளைவு’ என்று பெயரிட்டார். பாடநூல்கள் பெரும்பாலும் அதையே சொல்லிக் கடந்துவிடுகின்றன. வெப்ளனின் கேள்வி ஒரு பொருளின் தேவைக்கோட்டை, அதாவது விலை மாறும்போது தேவை எப்படி மாறுகிறது என்பதைக் காட்டும் கோட்டை, பற்றியதன்று. இன்ப துன்பங்களைத் தனியே கணக்கிட்டு முடிவெடுக்கும் மனிதர் என்ற பொருளியலின் அடிப்படைப் படிமத்தையே அவர் மறுத்தார். அந்த மரபுக்கு ‘நியோகிளாசிக்கல்’, அதாவது புதுச்செவ்வியல், என்ற பெயரை 1900இல் இட்டவரும் அவரே. மனிதரின் விருப்பங்கள் வழக்கங்களாலும் சமூக நிறுவனங்களாலும் உருவாகின்றன என்ற அவரது பார்வை நிறுவனப் பொருளியல் என்ற மரபாக வளர்ந்தது. அவரிடம் பயின்ற வெஸ்லி மிட்செல் அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர்.

ஒன்று மட்டும் எஞ்சுகிறது. தமிழில் பகட்டு என்பது பழிச்சொல். வெப்ளனோ ‘வீண்’ என்ற சொல்லைத் தாம் வேறு நல்ல சொல் கிடைக்காமையால் எடுத்துக்கொண்டதாகவும், அதை இழிவுப் பொருளில் கொள்ளக் கூடாது என்றும் வெளிப்படையாக எழுதினார். மனித வாழ்வுக்கோ நலத்துக்கோ மொத்தத்தில் உதவாத செலவு என்பதே அவர் தந்த வரையறை. அதைச் செய்பவர் தமக்குத் தேவை என்று உணர்ந்தே செய்கிறார் என்பதையும் அவர் ஏற்றுக்கொண்டார். ‘பகட்டு நுகர்வு’ என்று எழுதும்போதும் அந்தப் பொருளிலேயே ஆள வேண்டும்.