மரம் வந்துவிட்டது, உறவு சரியா?

கோலாலம்பூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் டிங்கி கிருமிகளின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு, எது எதற்குச் சொந்தம் என்று காட்டும் பரிணாம மரம் போடுவது என் வேலை. பயிற்சிக்கு வந்திருந்த தம்பி ஒருவர் பசியாறக்கூடப் போகாமல் படத்தோடு ஓடி வந்தார். "அண்ணே, இந்தக் கிருமி வெளிநாட்டிலிருந்து வந்திருக்கு!"

"எந்த முறையில் போட்டீங்க?"

"யூபிஜிஎம்ஏ."

சரி, வந்தது வினை. எந்த வரிசையைக் கொட்டினாலும் மென்பொருள் ஒரு மரத்தைக் கொடுத்துவிடும். முடியாது என்று சொல்லாது. பத்தே மாதிரிகளுக்கு வேரில்லாத மரங்கள் (மூதாதை எந்தப் பக்கம் என்று காட்டாதவை) 20,27,025 விதமாகப் போடலாம். நம் கைக்கு வருவது அதில் ஒன்று.

1958-இல் வந்த யூபிஜிஎம்ஏ, எல்லாக் கிளைகளும் ஒரே வேகத்தில் மாறுவதாக எடுத்துக்கொள்ளும். கிருமிகளுக்குப் பதிலாக அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய அக்கா என்று நான்கு பேரை வைத்துக்கொள்வோம். தம்பி வெளியூர் போய் ஆளே மாறிவிட்டார். அண்ணனுக்கும் தம்பிக்கும் வித்தியாசம் 7, அண்ணனுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் 4. குறைந்த எண்ணைப் பார்த்ததும் யூபிஜிஎம்ஏ அண்ணனைப் பக்கத்து வீட்டில் சேர்த்துவிடும். 1987-இல் சைடோவும் நெய்யும் (ஆள் பெயர்தான்!) கொண்டுவந்த நெய்பர் ஜாயினிங், ஒவ்வொருவரும் மற்ற எல்லாரையும் விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதையும் கணக்கில் கழிக்கும். தம்பி எல்லாரிடமிருந்தும் தூரம்தான் என்பது அதற்குப் புரியும். வீடு மாறாமல் சேர்த்துவிடும். எந்த மரத்தில் இந்த வரிசைகள் உருவாக வாய்ப்பு அதிகம் என்று பார்க்கும் அதிகபட்ச நிகழ்தகவு முறை இன்னும் நம்பகமானது, நேரம்தான் பிடிக்கும்.

இதெல்லாம் ஏட்டுச் சண்டை இல்லை. 1998-99-இல் பன்றிப் பண்ணைகளில் பரவிய நோயை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவை விரட்டிக்கொண்டிருந்தோம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் கிருமியைப் பிரித்தெடுத்த பிறகு, வரிசையை ஒப்பிட்டதில் அது 1994-இல் ஆஸ்திரேலியாவில் கண்டறிந்த ஹெண்ட்ரா கிருமியின் சொந்தக்காரன் என்று தெரிந்தது. அதுதான் நிப்பா. உறவு தெரிந்ததும் பழந்தின்னி வௌவால் பக்கம் தேடல் திரும்பியது.

படத்தைப் பார்க்கும்போது நுனிகள் மேலும் கீழும் அடுத்தடுத்து இருப்பதை நம்பாதீர்கள். கிளையை அப்படியே திருப்பி வைத்தாலும் அதே மரம்தான். எந்த முடிச்சில், அதாவது கிளைகள் கூடும் இடத்தில், சேர்கின்றன என்று பாருங்கள். அப்புறம் முடிச்சின் மேலுள்ள எண். ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய வரிசைகளின் பத்திகளைச் சீட்டு மாதிரி குலுக்கி, எடுத்ததைத் திரும்பப் போட்டு, ஆயிரம் முறை மரம் போட்டால் அந்தக் கிளை நூற்றுக்கு எத்தனை முறை வந்தது என்பதே அது. 1985-இல் ஃபெல்சென்ஸ்டீன் கொண்டுவந்த சோதனை.

பயிற்சிக்கு வந்த தம்பியின் படத்தில் எண்ணே இல்லை. கேட்டேன்.

"எழுத்து இடிச்சுதுண்ணே, அழிச்சுட்டேன்."

மூலக் கோப்பைத் திறந்தோம். 'வெளிநாட்டு' முடிச்சில் 38 என்றிருந்தது.