ஆய்வில் நிரூபிக்கப்பட்டதாம்: எந்த வகை ஆய்வில்?

முழங்கால் வலிக்கான மாத்திரை, பிள்ளைகளின் நினைவாற்றலைக் கூட்டுவதாகச் சொல்லும் பயிற்சி வகுப்பு, மின்கட்டணத்தைக் குறைப்பதாகச் சொல்லும் கருவி ஆகிய மூன்றும் இன்று ஒரே வாசகத்தோடுதான் விற்கப்படுகின்றன. 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் நம்மில் பலர் அதற்குமேல் கேள்வி கேட்பதில்லை. மருத்துவத்திலும் கல்வியிலும் தொழில்நுட்பத்திலும் ஆய்வு என்ற பெயரில் நடப்பவை ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டவை என்பதும், ஒன்றுக்குப் பொருந்தும் அளவுகோல் மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதும் விளம்பரம் எழுதுவோருக்குத் தேவையில்லாத செய்திகள். வாங்குவோருக்கு அவை மிகவும் தேவை.

கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் உயிர்ப்புள்ளியியல் கற்பிப்பது என் பணி. முதுநிலை மருத்துவ மாணவர்களின் தீசிஸுக்கு எத்தனை நோயாளிகள் வேண்டும் என்று கணக்கிட்டுத் தருவதிலும், சேகரித்த தரவைப் பகுத்துப் பார்ப்பதிலும் பெரும்பொழுது கழியும். அவர்களைத் தவிர, எம்.எட். படிக்கும் ஆசிரியர்களும், ஈரோடு, நாமக்கல் பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களும் யாராவது சொல்லக் கேட்டு வந்து சேர்வார்கள். 'பி வேல்யூ வரமாட்டேங்குதுங்க சார்' என்றபடியேதான் பலரும் லேப்டாப்பைத் திறக்கிறார்கள். உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் எண்தான் பி வேல்யூ; அது சிறிதாக வர வேண்டும் என்பதே அவர்கள் கவலை. எந்தக் கேள்விக்கு விடை தேடினீர்கள் என்று கேட்டால் பதில் வரச் சற்று நேரமாகும். கைடிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பாரும் உண்டு.

மருத்துவத்தின் சிக்கல், ஓர் உடல் போல மற்றோர் உடல் இருப்பதில்லை என்பதில் தொடங்குகிறது. போதாததற்கு, பல நோய்கள் மருந்தில்லாமலும் ஏறி இறங்கக்கூடியவை. மூட்டுவலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் ஒருவர் புது மருந்தைத் தேடிப் போகிறார். உச்சத்துக்குப் போன வலி சில நாட்களில் தானாகவே ஓரளவு தணியும். தணிந்ததன் பெருமை மருந்துக்குப் போய்விடும். ஆகவே மருந்து உண்டவர்களை மட்டும் பார்த்துப் பயனில்லை, உண்ணாதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கும் விடாமல், நோயாளியின் விருப்பத்துக்கும் விடாமல், குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் குலுக்கல் முறை மருத்துவமனைக்கு வயலிலிருந்து வந்தது என்பதை வேளாண் குடும்பத்து மாணவர்களுக்குச் சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1920களில் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர், மண்வளம் பாத்திக்குப் பாத்தி மாறும் என்பதால், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கலிடம் விட்டார். அதே முறை 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் காசநோயாளிகளுக்குப் பயன்பட்டது. படுக்கை ஓய்வோடு மருந்தும் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர்கள் 14 பேர். மொத்தம் 107 பேரைக் கொண்டே அவ்வளவு தெளிவான விடை கிடைத்ததற்குக் காரணம், இரு குழுக்களுக்கும் இடையே மருந்தைத் தவிர வேறு பெரிய வேறுபாடு இல்லாதபடி குலுக்கல் பார்த்துக்கொண்டதுதான்.

கொங்கு நாட்டு மூத்த தலைமுறைக்குப் பெருந்துறை என்றாலே காசநோய் சானடோரியம்தான் நினைவுக்கு வரும். மாதக்கணக்கில் வீட்டைவிட்டு விலகி, நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வுமாகப் படுத்திருந்தால்தான் அந்நோய் தீரும் என்று மருத்துவ உலகமே நம்பிய காலம் அது. சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், வறுமையான குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் வெளியான முடிவு, வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்றது; உடனிருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய்த்தொற்று கூடிவிடவும் இல்லை. உலகெங்கும் காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து உண்ணும் முறை பரவியதில் இந்த முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு. அறிவியல் வரலாறு என்றாலே வெளிநாடுதான் என்று நினைக்கும் என் மாணவர்களுக்கு இதை நான் ஆண்டு தவறாமல் சொல்கிறேன்.

குலுக்கல் இல்லாத மருத்துவ ஆய்வுகளும் தேவையானவையே. புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிய யாரையும் புகைக்கச் சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் கவனித்துத்தான் சொல்ல முடியும். ஆனால் கவனிப்பு ஆய்வு சொல்வதை மாத்திரையாக்கி விற்கும்போது கவனம் வேண்டும். பீட்டா கரோட்டின் மிகுந்த காய்கனிகளை உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கவனிப்பு ஆய்வுகள் காட்டின. அதையே மாத்திரையாக ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு குலுக்கல் முறையில் சோதித்தபோது, மாத்திரை உண்டவர்களிடம் அப்புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது 1994இல் தெரியவந்தது. காய்கனி உண்பவர்கள் வேறு பல வகைகளிலும் உடலைப் பேணுபவர்களாக இருந்திருக்கலாம். நோயாளியுடன் வரும் உறவினர்கள், 'ஆராய்ச்சியிலயே சொல்லியிருக்காங்கன்னு பேப்பர்ல போட்டிருக்குதுங்களே, அப்புறம் எதுக்குங்க யோசிக்கறது?' என்று நாளிதழ் நறுக்கை நீட்டும்போது, அது கவனிப்பு ஆய்வா, சோதனை ஆய்வா என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். அந்த நறுக்கை நம்பி மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

கல்வி ஆய்வுக்கு வந்தால் சிக்கலின் தன்மையே மாறிவிடுகிறது. ஆறு மாதங்களுக்குமுன் எம்.எட். மாணவி ஒருவர், காணொளிப் பாடத்தால் எட்டாம் வகுப்பு அறிவியல் மதிப்பெண் உயர்கிறது என்ற முடிவோடு வந்தார். ஒரு பள்ளியில் 40 பேருக்குக் காணொளிப் பாடம், பக்கத்து ஊர்ப் பள்ளியில் 40 பேருக்கு வழக்கமான பாடம். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் 80 பேரைத் தனித்தனி ஆட்களாக எண்ணி, வேறுபாடு உறுதியானது என்று சொல்லியிருந்தது. ஆனால் முதல் பள்ளியின் 40 பேருக்கும் ஆசிரியர் ஒருவரே, பாடவேளையும் ஒன்றே, அந்த ஆசிரியர் நன்றாக நடத்துபவராக இருந்தால் காணொளி இல்லாமலும் மதிப்பெண் உயர்ந்திருக்கும். உண்மையில் அங்கே ஒப்பிடப்பட்டவை இரண்டே இரண்டு வகுப்பறைகள்.

வகுப்பறைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதைக் கணக்கில் எடுக்கும் வழி புள்ளியியலில் உண்டு. வகுப்புக்கு 30 பேர் வீதம் 10 வகுப்புகளில் 300 பேரைச் சோதித்தாலும், ஒரே வகுப்பினரின் மதிப்பெண் ஒப்புமை (ஒப்புமையே இல்லை என்றால் 0, முழு ஒப்புமை என்றால் 1) 0.2 என்ற அளவில் இருந்தால், அதில் தேறுவது ஏறத்தாழ 44 தனித்தனி மாணவர்கள் தரக்கூடிய தகவல்தான். ஆகவே கல்வி ஆய்வில் எத்தனை மாணவர்கள் என்பதைவிட எத்தனை பள்ளிகள், எத்தனை வகுப்புகள் என்பதே பெரிய கேள்வி. ஆயிரம் மாணவர்களிடம் சோதித்தோம் என்று பயிற்சி மையம் சொன்னால், எத்தனை ஊர்களில் என்று பெற்றோர் கேட்கலாம்.

அப்படிச் சரியாகச் செய்த ஆய்வும் இடம் மாறினால் தடுமாறும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 79 பள்ளிகளில் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு, வகுப்புக்கு 13 முதல் 17 பேர் மட்டும் இருந்தால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மேலும் நன்றாகக் கற்கிறார்கள் என்று காட்டியது. அதை நம்பி 1996இல் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதும் வகுப்பைச் சிறிதாக்கியபோது, ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான புதிய ஆசிரியர்கள் தேவைப்பட்டு, போதிய பயிற்சி இல்லாதவர்களையும் அமர்த்த வேண்டியதாயிற்று. எதிர்பார்த்த அளவுக்குப் பலன் தெளிவாகவில்லை. நம் பக்கத்துக் கிராமத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகளின் எண்ணிக்கை முன்பே குறைவு. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் சேர்த்து நடத்துகிறார்கள் என்பதே அங்குள்ள நிலைமை. டென்னசியின் விடை அந்தக் கேள்விக்கு உரியதன்று.

நம் மாநிலத்துக்கே உரிய விடைகளும் இருக்கின்றன. கொரோனாக் காலப் பள்ளி மூடலுக்குப் பின் தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பிள்ளைகள் ஏறத்தாழ 19,000 பேரைத் தொடர்ந்து சோதித்த ஆய்வொன்று, 2021 டிசம்பரில் இருந்த பெரும் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்றும் கணக்கிட்டது. மாலை நேரத்தில் தெருவிலும் கோயில் திண்ணையிலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களின் உழைப்பை ஒரு விழுக்காடாக்கிக் காட்ட முடிந்தது, ஊரடங்குக்கு முன்பே 2019இல் அளந்து வைத்திருந்த மதிப்பெண்கள் கையில் இருந்ததால்தான்.

எண்ணிக்கையில் அடங்காத கல்வி ஆய்வும் உண்டு. மருத்துவத் துறையினர் அதைக் குறைத்து மதிப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளை, வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் வேறொரு மொழி என்றிருக்கும்போது எந்த இடத்தில் பாடத்தைக் கைவிடுகிறது என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. அந்தத் தாயிடமும் வகுப்பாசிரியரிடமும் நீண்ட நேரம் பேசி, வகுப்பில் உட்கார்ந்து கவனித்து எழுதினால்தான் தெரியும். அத்தகைய ஆய்வில் 20 பேர் இருந்தாலே நிறைவாக இருக்கலாம். அதிலிருந்து 'இத்தனை விழுக்காட்டுப் பிள்ளைகள்' என்று எண் எடுப்பதுதான் தவறு. 20 பேர்தானே என்று ஆய்வையே தள்ளுவதும் அதே அளவு தவறு.

தொழில்நுட்ப ஆய்வில் பல வேளைகளில் ஆளுக்கு ஆள், வகுப்புக்கு வகுப்பு வேறுபடும் தொல்லை குறைவு. ஒரே வார்ப்பில் வந்த இரண்டு மோட்டார் பம்புகள் அனுமதிக்கப்பட்ட சிறு வேறுபாட்டுக்குள் ஒன்றுபோலவே ஓடும் என்பதால், கோவையின் பம்பு ஆலைகள் திறனளக்க ஆயிரம் பம்புகளைத் தேட வேண்டியதில்லை. அங்கே கேட்க வேண்டியது, எந்தச் சூழலில் அளந்தார்கள் என்பதே. ஆய்வகத்தில் சரியான மின்னழுத்தத்தில், பம்பு எந்த உயரத்துக்கென வடிவமைக்கப்பட்டதோ அந்த உயரத்தில் அளந்த திறன், பல்லடம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றில் கிடைக்காது. நீர்மட்டம் இறங்க இறங்க ஏற்ற வேண்டிய உயரம் கூடித் தண்ணீர் வரத்து குறையும், திறனும் கீழே வரும். லோ வோல்டேஜில் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். கம்பிச்சுருள் (காயில்) கருகி ரீவைண்டிங் கடைக்கு வரும் மோட்டார்களைப் பற்றி அந்தக் கடைக்காரர் அறிந்திருப்பது எந்த விவரக் கையேட்டிலும் இருப்பதில்லை.

தொழில்நுட்பம் மனிதரைத் தொடும் இடத்தில், அதாவது செயற்கை நுண்ணறிவு நோயைக் கண்டறியும் இடத்தில், மூன்று துறைகளின் சிக்கல்களும் ஒன்றுசேர்ந்து விடுகின்றன. எக்ஸ்ரே படத்தைப் பார்த்து 99 விழுக்காடு சரியாகச் சொல்லும் மென்பொருளோடு மாணவர்கள் வருவார்கள். ஒரே நோயாளியின் வெவ்வேறு படங்கள் பயிற்சித் தரவிலும் (மென்பொருள் கற்றுக்கொள்ளும் படங்கள்) சோதனைத் தரவிலும் (அதைச் சோதிக்கும் படங்கள்) கலந்திருக்கின்றனவா என்று பார்த்தால், பெரும்பாலும் கலந்திருக்கும்; மென்பொருள் நோயை அறிவதற்குப் பதிலாக ஆளை அடையாளம் கண்டிருக்கும். உலக அளவிலும் இதே கதைதான். கொரோனாவைப் படம் பார்த்துக் கண்டறிவதாகச் சொன்ன ஆய்வுகளை 2021இல் சீர்தூக்கிய ஒரு குழு, விரிவாகப் பரிசீலித்த 62 கட்டுரைகளில் ஒன்றுகூட மருத்துவப் பயன்பாட்டுக்குத் தகுதியானதாக இல்லை என்று முடிவு செய்தது. சிலவற்றில் கொரோனா நோயாளிகளாகப் பெரியவர்களின் படங்களும், ஒப்பீட்டுக்குச் சிறு குழந்தைகளின் படங்களும் இருந்தன.

நன்றாகச் செய்யப்பட்டதும் களத்தில் இடறலாம். சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டறியும் கூகுளின் மென்பொருள் 2016இல் வெளியான ஆய்வில் சிறப்பாகச் செயல்பட்டது. அந்த ஆய்வுக்கு அரவிந்த் உள்ளிட்ட இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களும் பயன்பட்டன. பின்னர் தாய்லாந்தின் கிராமப்புற மருத்துவ நிலையங்களில் பயன்படுத்தியபோது, முதல் ஆறு மாதங்களில் செலுத்தப்பட்ட 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தரம் போதாது என்று அது ஒதுக்கியது. போதிய இருட்டறை இல்லாமல் எடுத்த படங்கள் அதற்கு ஒத்துவரவில்லை. ஒதுக்கப்பட்ட நோயாளிகள் வேலையை விட்டுவிட்டு வேறோர் ஊர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. இதைக் கண்டறிந்தது செவிலியரோடு உட்கார்ந்து கவனித்த களஆய்வுதான், துல்லியக் கணக்கன்று.

வெளியீட்டு முறையிலும் வேறுபாடு உண்டு. கணினித் துறையினர் பிறர் சரிபார்க்கும் முன்பே 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் கட்டுரையை இடுவார்கள்; அது அவர்களிடையே இயல்பு, ஆனால் மருந்து பற்றிய கட்டுரை அவ்வாறு வந்தால் இன்னும் சரிபார்க்கப்படாதது என்று கொள்ள வேண்டும். இந்தியாவில் மருந்துச் சோதனைகளைத் தொடங்குமுன்பே தேசியப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். எதை அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தால், முடிவு வந்தபின் வசதியானதைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல முடியாது. அப்பதிவேட்டை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். கல்வி ஆய்வுகளிலும் மென்பொருள் ஆய்வுகளிலும் இத்தகைய முன்பதிவு அரிது என்பது என் நெடுநாள் மனக்குறை. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் அழைக்கும் இதழ்களோ மூன்று துறைக்கும் பொதுவானவை. பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் தரமான ஆய்விதழ்கள் எவை என்று சொல்லிவந்த தன் 'கேர்' பட்டியலைக் கைவிட்டபின், நல்ல இதழ் எது என்று பார்க்கும் பொறுப்பு அந்தந்தக் கல்லூரியின் தலையில் விழுந்திருக்கிறது.

பாரதியார் பல்கலைக்கழகத்திலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் ஏற்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் பலவற்றை ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். உங்கள் மாவட்டத்தின் பெயரை இட்டுத் தேடினால், அங்குள்ள பள்ளிகளையும் நோயாளிகளையும் ஆலைகளையும் பற்றிய ஆய்வுகள் வந்து நிற்கும். ஆய்வேட்டைத் திறந்ததும் கடைசியில் இருக்கும் முடிவுரைக்குத் தாவாமல் மூன்றாம் இயலுக்குப் போங்கள். யாரை, எத்தனை பேரை, எந்த முறையில் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.