மழையே இல்லாத பாலைவனத்துல மலைப்பாதைய திங்கிறது எது?

மார்ச்ல முதுகுல மூட்டைய கட்டிக்கிட்டு அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்து சூப்பர்ஸ்டிஷன் (மூடநம்பிக்கைன்னு அர்த்தம்) மலைக்குள்ள போய் நாலு நாள் பாதை சரிபண்ணிட்டு வந்த கதைய சொன்னதுக்கு ஒரு தம்பி கேட்டிருந்தார், "அண்ணா, அது பாலைவனம்தானே, மழையே கிடையாதே, பாதை எப்படி கெட்டுப்போகும்?" நியாயமான கேள்வி. நானும் போறவரைக்கும் முள்ளு வெட்டுறதுதான் வேலைன்னு நெனச்சேன்.

முள்ளுக்கும் குறைச்சல் இல்ல. கேட்கிளான்னு ஒரு புதர், பேருக்கேத்த மாதிரி பூனை நகம் போல வளைஞ்ச முள், சட்டைய புடிச்சா விடாது. மெஸ்கிட்னு ஒண்ணு, நம்ம சீமைக்கருவேலத்தோட நெருங்கின சொந்தக்காரன், பாத்ததுமே ஊர் ஞாபகம் வந்துச்சு (நல்ல ஞாபகம்னு சொல்ல மாட்டேன்). 1964ல வந்த அமெரிக்க வனாந்தரச் சட்டப்படி, இயற்கையா அப்படியே விட்டு வச்சிருக்குற இந்த மாதிரி இடத்துல இஞ்சின் வச்ச ரம்பம் கூடாது, சைக்கிள்கூட கூடாது. அதனால கைரம்பம், ஒரு பக்கம் கோடரி மறுபக்கம் களைக்கொத்து மாதிரி இருக்குற புலாஸ்கி, ஒரு பக்கம் அகலத்தகடு மறுபக்கம் பல்லு வச்ச மெக்லவுட், எல்லாத்தையும் தோள்லதான் தூக்கணும். அதுக்கு மேல தண்ணி, ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர்னா 4 கிலோ, வழியில ஊத்து இருக்கும்னு மேப் சொல்லும், அத நம்பி போகக்கூடாது.

சரி, மழைக்கு வருவோம். பக்கத்துல இருக்குற பீனிக்ஸ் நகரத்துல வருஷம் முழுக்க பெய்யிறதே 18 செ.மீ. பக்கம்தான், ஆனா அதுல ஒரு நல்ல பங்கு ஜூலைல இருந்து செப்டம்பருக்குள்ள இடிமழையா வரும், வந்தா அரைமணி நேரத்துல கொட்டி தீத்துட்டுப் போயிடும். புல்லு கிடையாது, செடிக்கு செடி இடைவெளி, தரையெல்லாம் பாறை, தண்ணி உள்ள இறங்க நேரமே இல்ல. போதாக்குறைக்கு 2019ல இந்த மலையில உட்பரின்னு பேர் வச்ச காட்டுத்தீ 1,20,000 ஏக்கருக்கு மேல எரிச்சுது. புதர் எரியும்போது அதுல இருக்குற மெழுகு மாதிரி சமாச்சாரம் ஆவியாகி மண்ணுக்குள்ள இறங்கி, கொஞ்சம் கீழ குளிர்ச்சியான எடத்துல படிஞ்சுடும். அப்புறம் அந்த மண்ணுல தண்ணி விட்டா தாமரை இலை மேல நிக்கிற மாதிரி உருண்டு நிக்கும். சில வருஷத்துல இது தானா குறைஞ்சுடும், ஆனா அதுக்குள்ள பாதை போயிடும்.

இப்பதான் எனக்கு புடிச்ச இடம். ஓடுற தண்ணி ஒரு கல்ல தள்ளுற விசை, கல்லோட முகப்பரப்பையும் வேகத்தோட வர்க்கத்தையும் பொறுத்தது. பரப்புன்னா விட்டத்தோட வர்க்கம். கல்லோட எடையோ விட்டத்தோட கனம், அதாவது மூணாம் அடுக்கு. ரெண்டையும் சமன் பண்ணுங்க, பேப்பர்கூட வேணாம்: தண்ணியால நகத்த முடியிற கல்லோட விட்டம், வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். எடை விட்டத்தோட கனம்ங்கிறதால, எடை வேகத்தோட ஆறாம் அடுக்கு! ஆறாம் அடுக்குங்க! வேகம் ரெண்டு மடங்கானா 64 மடங்கு எடையுள்ள கல்லு நகரும். 2 செ.மீ. கூழாங்கல்ல உருட்டிக்கிட்டு இருந்த தண்ணி 8 செ.மீ. கல்ல, அதாவது ஒரு ஆரஞ்சுப்பழம் சைஸ் கல்ல உருட்டும். 19ம் நூற்றாண்டுலயே வில்லியம் ஹாப்கின்ஸ்னு கேம்பிரிட்ஜ் கணக்கு வாத்தியார் போட்டுட்டுப் போன கணக்கு இது, கெல்வினுக்கும் மேக்ஸ்வெல்லுக்கும் பாடம் எடுத்தவர்.

அந்த ரெண்டு மடங்கு வேகம் எங்கிருந்து வருதுன்னா, ஆழத்துல இருந்து. ஒரே சரிவுல 1 செ.மீ. ஆழத்துல ஓடுற தண்ணிய 3 செ.மீ. ஆழமாக்கினா வேகம் சுமாரா ரெண்டு மடங்கு. புதுசா வெட்டுன பாதை வெளிப்பக்கமா 5 சதவீதம் சாஞ்சிருக்கும், மேல இருந்து வர்ற தண்ணி அப்படியே மெல்லிசா குறுக்க கடந்து போயிடும். ஆனா நடக்க நடக்க நடுவுல அமுங்கும், மண்ணு வெளி ஓரத்துல சேந்து வரப்பு மாதிரி நிக்கும். நம்ம ஊர்ல வரப்பு உயர்ந்தா சந்தோஷம், இங்க வயித்தெரிச்சல். வெளிய போக வழியில்லாத தண்ணி பாதை வழியாவே ஓடும், ஆழமாகும், வேகமாகும், ஆறாம் அடுக்கு ஆரம்பிச்சுடும். ஒரு எடத்துல பாதை எனக்கு முழங்கால் ஆழத்துக்கு வாய்க்காலாவே ஆயிருந்துச்சு, அடியில பாறை பல்ல காட்டுது.

அதனால வேலை என்னன்னா, வரப்ப வெட்டி விடுறது, அங்கங்க பாதைய கொஞ்சம் இறக்கி மறுபடி ஏத்தி, பள்ளத்துல இருந்து தண்ணிய வெளிய திருப்பி விடுறது. மடை திறக்குறதுதான், வேற ஒண்ணுமில்ல. கேட்டா சப்புனு இருக்கும், பாறைத்தரையில புலாஸ்கி போட்டா ஒவ்வொரு வெட்டுக்கும் தோள்பட்டை அதிரும்.

இந்த மலைக்குள்ள தங்கச்சுரங்கம் ஒளிஞ்சிருக்குன்னு நூறு வருஷத்துக்கு மேல கதை. டச்சுக்காரன் சுரங்கம்னு பேரு, பேருதான் டச்சு, ஆளு ஜேக்கப் வால்ட்ஸ் ஜெர்மன்காரர், 1891ல செத்தார், ரகசியத்தையும் கொண்டு போயிட்டாராம். தேடிப்போய் உயிர விட்டவங்க உண்டு. புதையல்னா கேமராவ தூக்கிட்டு வரிசைல நிப்பாங்க, மண்ணரிப்பு ஆராய்ச்சிக்கு பத்து ரூபா கேளுங்க, முகத்த திருப்பிக்குவாங்க. இதுல எது மூடநம்பிக்கைன்னு எனக்கு சந்தேகமே இல்ல.

கடைசி நாள் எங்க குழுத்தலைவி, எழுபது வயசு தாண்டின பாட்டி, நான் சரிபண்ணின இருபதடி பாதைய பாத்துட்டு, "உருட்டிக் காட்டு"ன்னாங்க. தண்ணி ஊத்த மனசு வரல, மதியத்துக்கு வச்சிருந்த ஆரஞ்ச பாதை நடுவுல வச்சு லேசா தொட்டேன். மெதுவா கிளம்புச்சு, வெளி ஓரம் வரைக்கும் போச்சு, நிக்கும்னு பாத்தேன், நிக்காம சரிவுல இறங்கி கள்ளிப்புதருக்குள்ள போயிடுச்சு. பாட்டிக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அன்னிக்கு மதியம் வெறும் வேர்க்கடலை.