கேமரா மாத்திரை கரையாது, அம்மா

போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா வந்தார். இரண்டு நாளாக வாந்தி, வயிறு உப்பல். எக்ஸ்ரே எடுத்தால், வலப்பக்க அடிவயிற்றில் பளிச்சென்று தெரிகிறது, சிறுகுடலை உள்ளிருந்து படம் எடுப்பதற்காக மூன்று மாதத்துக்கு முன் அவர் விழுங்கிய கேமரா மாத்திரை. "கரைந்திருக்கும் என்றல்லவா இருந்தேன், டாக்டர்" என்றார். இந்த ஆண்டில் இதே பதிலை நான் கேட்பது மூன்றாவது முறை.

கரையாது. வெளியே பிளாஸ்டிக் ஓடு, உள்ளே கேமரா, விளக்கு, பேட்டரி. நீளம் 26 மில்லிமீட்டர், அகலம் 11. இரைப்பை அமிலமே அதை ஒன்றும் செய்யாது. விளக்கெண்ணெயும் மிளகு ரசமும் என்ன செய்துவிடும்? இதற்கு மாத்திரை என்று பெயர் வைத்த புண்ணியவான் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன். வதந்திக்கு வேர் ஒன்று உண்டு. குடல் எங்காவது சுருங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், கேமரா இல்லாத ஒத்திகை மாத்திரை ஒன்றை முதலில் கொடுப்போம். அது லாக்டோஸால் ஆனது, சுமார் 30 மணி நேரத்தில் தானே கரையத் தொடங்கும். அதை விழுங்கியவர் பக்கத்து வீட்டில் சொல்ல, பக்கத்து வீடு ஊருக்குச் சொல்லிவிடுகிறது.

மாத்திரை அனுப்பும் படங்களைப் பதிவுசெய்ய உடம்போடு கட்டிவிடும் ரெக்கார்டரைத் திருப்பிக் கொடுத்ததும் பரிசோதனை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். (எங்களுக்கு அப்போதுதான் தொடக்கம், 50,000 படங்களுக்கு மேல் பார்க்க வேண்டும்.) பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் மலத்தோடு வந்துவிடும். நூற்றில் ஒருவர் இருவருக்குச் சிக்கும். குடல் நாள்பட அழன்று புண்ணாகும் கிரோன் நோய் இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். இரண்டு வாரமாகியும் வரவில்லை என்றால் சிக்கியதாகவே கொள்வோம். "வலியே இல்லையே" என்பீர்கள். வலி இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும்.

அந்த அம்மாவுக்கு எங்கே சிக்கியது? மருந்து விவரம் கேட்டபோது பிரஷருக்கும் சர்க்கரைக்கும் சாப்பிடுவதை மட்டும் சொன்னார். முட்டிவலிக்காகப் பல ஆண்டுகளாக விழுங்கிவந்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை அவர் கணக்கில் மருந்தே இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏற வேண்டுமே, அதற்கு இரண்டு கூடுதலாம். இந்த வகை மாத்திரைகள் சிறுகுடலில் புண்ணாக்கி, அது ஆறும்போது வளையம்போல் மெல்லிய சவ்வை வளரவிடும். ஸ்கேனில்கூடத் தப்பிவிடும். இரத்தம் கசிவதும் அங்கேதான், கேமரா நிற்பதும் அங்கேதான். அறுவை நிபுணர் அந்தத் துண்டுக் குடலையும் மாத்திரையையும் சேர்த்தே எடுத்தார்.

ஆகவே, வலி மாத்திரை, பழைய வயிற்று அறுவை, கதிர்வீச்சு, காசநோய் எதையும் மறைக்காதீர்கள். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களை அழைத்து வருபவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். மூச்சுக்குழாயில் போய்விட்டால் ஆபத்து. மாத்திரை வெளியேறியது உறுதியாகும்வரை எம்ஆர்ஐ ஸ்கேன் வேண்டவே வேண்டாம், முதுகுவலிக்கு வேறு டாக்டர் எழுதிக் கொடுத்தாலும். வாந்தியும் வயிற்றுவலியும் வந்தால் பேதி மருந்து குடித்துப் பார்க்காமல் நேரே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

கழிப்பறையில் பார்க்கக் கூச்சமென்றால் பார்க்க வேண்டாம். இரண்டு வாரம் கழித்து ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள், போதும். இதைச் சொல்லத்தான் எங்கள் நர்ஸ் அந்த அம்மாவை மூன்று முறை கைப்பேசியில் அழைத்தார். தெரியாத எண், மோசடிக்காரர்களாக இருக்கும் என்று எடுக்கவில்லையாம்.