அபராதம் 10,000 ரூபாய், அதற்குப் பிறகு வரும் கணக்கு

குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சார், பத்தாயிரத்தைக் கட்டிட்டா முடிஞ்சிடுமா?" விபத்து வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞன் என்ற முறையில் நான் சொல்லும் பதில் இது: யாருக்கும் அடிபடாமல், ரோட்டில் நிறுத்தி ஊதச் சொன்னதோடு போயிருந்தால் நீங்கள் பிழைத்துக்கொண்டீர்கள். ஆனால் அப்போதும் பத்தாயிரத்தோடு முடியாது. விபத்து நடந்திருந்தால் அந்தப் பத்தாயிரத்தை யாரும் ஒரு செலவாகவே பேச மாட்டார்கள்.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. உங்கள் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும்போது வண்டி ஓட்டினாலும், ஓட்ட முயன்றாலும் குற்றம். முதல் முறை என்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்பு முதல் முறைக்கு "2,000 ரூபாய் வரை" என்றிருந்தது. மாஜிஸ்திரேட் நிலைமையைப் பார்த்துக் குறைக்கலாம். இப்போது 10,000 என்று தொகையையே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். தமிழ்நாட்டில் புதிய அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. கஞ்சா போன்ற போதைப்பொருளுக்கு அளவுக் கணக்கு கிடையாது. வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தாலே 185 பாயும். பைக், ஆட்டோ, கார், லாரி எல்லாவற்றுக்கும் இதே பிரிவுதான்.

ஹெல்மெட் போடாததற்குப் பணம் கட்டிவிட்டுப் போவதுபோல இதை முடிக்க முடியாது. சமரசக் கட்டணம் கட்டி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களைச் சட்டத்தின் 200வது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. அதில் 185 இல்லை. ஆக, இது நீதிமன்றத்துக்குப் போகிற வழக்கு. அங்கே அபராதம் கட்டுவது என்பது குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெறுவது. அந்தத் தண்டனையோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. 185ல் தண்டிக்கப்பட்டவரைக் குறைந்தது 6 மாதம் ஓட்டுநர் உரிமத்துக்குத் தகுதியற்றவராக்கி நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்று 20வது பிரிவு சொல்கிறது. இது போதாதென்று, லைசென்ஸை அங்கேயே வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பும் அதிகாரமும் போலீசாருக்கு 2019 முதல் உண்டு.

ஆபீஸ் வேலைக்குப் போகிறவருக்கு 6 மாதம் பஸ்ஸில் போவது சிரமம், அவ்வளவுதான். ஆனால் கால் டாக்ஸி, லாரி, பள்ளி வேன் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அது 6 மாத அரிசி, வாடகை, வண்டிக்கடன் தவணை. அந்த நெருக்கடியில் லைசென்ஸ் இல்லாமலேயே வண்டியை எடுக்கிறார்கள். தகுதி நீக்கக் காலத்தில் ஓட்டினால் பிரிவு 182ன்படி 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அல்லது இரண்டும். அந்த நேரத்தில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கைகழுவ இன்னொரு காரணம் கிடைத்துவிடும்.

"ஒரே ஒரு குவார்ட்டர்தான் சார்" என்பது அடுத்தது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர் பிராந்தி, ரம் பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அந்த 180 மில்லியில் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆண் அதைக் கொஞ்ச நேரத்தில் குடித்தால் ரத்தத்தில் தோராயமாக 120 மில்லிகிராம் வரை ஏறும். சட்டம் அனுமதிப்பது 30. அதாவது நான்கு மடங்கு. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்றே 70ஐத் தாண்டிவிடும். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இன்னும் அதிகமாக ஏறும்.

இறங்கும் வேகம்தான் பலருக்குத் தெரிவதில்லை. கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்ற அளவில்தான் குறைக்கும். 120லிருந்து 30க்கு வர 6 மணி நேரம். மோர், எலுமிச்சை, கடுங்காப்பி, குளியல் எதுவும் அதை அவசரப்படுத்தாது. கல்யாண வீட்டில் நள்ளிரவு வரை குடித்துவிட்டு, நாலு மணி நேரம் தூங்கி எழுந்து, விடியற்காலையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் இதைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலை தெளிந்த மாதிரி இருக்கும். மெஷினில் ஊதினால் 60, 70 காட்டும். "நேத்து ராத்திரி குடிச்சது" என்ற விளக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

சரி, சோதனையில் நிறுத்தினால் என்ன ஆகும்? சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரிக்கோ மோட்டார் வாகனத் துறை அதிகாரிக்கோ நியாயமான சந்தேகம் இருந்தால் ஊதச் சொல்லலாம். ஊத மாட்டேன் என்று அடம் பிடிப்பது உதவாது. தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் அந்த மறுப்பையே உங்களுக்கு எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்ள பிரிவு 205 வழி செய்கிறது. மாறாக, நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவை சில உண்டு. புதிய ஊதுகுழல் கேளுங்கள். மவுத்வாஷோ ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தோ எடுத்திருந்தால் அதை அப்போதே சொல்லுங்கள். வாயில் தங்கிய ஆல்கஹால் 15 நிமிடத்தில் போய்விடும், வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி ஊதக் கேளுங்கள். அப்போதும் தவறு என்று தோன்றினால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரிடம் பரிசோதிக்க வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 202. பெண்களிடம் ரத்தம் எடுப்பதானால் பெண் மருத்துவர் எடுக்க வேண்டும், அல்லது ஒரு பெண் உடனிருக்க வேண்டும். வண்டியைப் பொறுத்தவரை, குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவரை வரவழைத்து அவரிடம் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே நின்று சத்தம் போட்டு, போலீஸ்காரரின் கையைத் தட்டிவிட்டால், 10,000 ரூபாய் வழக்கு அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கிய வழக்காக மாறிவிடும். அதற்கு மட்டும் 2 வருடம் வரை சிறை உண்டு.

பின்னால் உட்கார்ந்து வருகிறவரும் தப்பிவிட முடியாது. 185 குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது பிரிவு 188. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022ல் இதை வைத்துத்தான் உடன் பயணித்தவர்கள் மீதும் வழக்குப் போடத் தொடங்கியது. சேர்ந்து குடித்துவிட்டு, "நீ ஓட்டு மச்சி" என்று சாவியைக் கொடுத்தவருக்கு இது நிச்சயம் பொருந்தும். ஓட்டுநர் குடித்திருப்பதே தெரியாமல் ஆட்டோவில் ஏறிய பயணிக்குப் பொருந்தாது.

இதுவரை சொன்னது விபத்து நடக்காத கதை. நான் அதிகம் பார்ப்பது மற்றதைத்தான்.

விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவுடன் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் நாலு வரி எழுதுவார். நாங்கள் ஏ.ஆர். காப்பி என்று சொல்கிற காகிதம் அதுதான். எப்படி அடிபட்டது, யார் அழைத்து வந்தார்கள், என்னென்ன காயம், அப்புறம் பல சமயம் ஒரு வரி: மூச்சில் மது வாசனை இருக்கிறது. உறவினர்கள் அப்போது ஸ்கேன் எடுக்க ஓடிக்கொண்டிருப்பார்கள், அதை யாரும் படிக்க மாட்டார்கள். இரண்டு வருடம் கழித்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் எழுந்து முதலில் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான்.

வாசனை மட்டும் இருந்தால் குடித்திருந்ததாக முடிவுகட்டிவிடலாமா? குற்ற வழக்கில் அது போதாது. ரத்தப் பரிசோதனை இல்லாமல் வாசனை, தள்ளாட்டம் போன்றவற்றை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் இன்சூரன்ஸ் தகராறில் சாட்சியத்தின் எடை வேறு மாதிரி பார்க்கப்படுகிறது. டெல்லியில் 2007ல் நடைபாதையில் மோதி நாசமான ஒரு போர்ஷே கார் வழக்கில், மூச்சுப் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ இல்லாதபோதும் மற்ற சூழ்நிலைகளை வைத்து ஓட்டுநர் குடித்திருந்தார் என்று ஏற்கலாம் என உச்ச நீதிமன்றம் 2021ல் தீர்ப்பளித்தது. காருக்கான இழப்பீடு கிடைக்கவில்லை.

சொந்த வண்டிச் சேதம் போனால் போகட்டும். அடுத்தது, வண்டி உரிமையாளரே ஓட்டி இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. குடிபோதையில் நடந்த விபத்துக்கு இது கிடையாது என்று பாலிசியிலேயே இருக்கிறது. பைக்கில் தானாகச் சறுக்கி விழுந்து இறந்தவரின் மனைவி பாலிசியோடு வந்து உட்காரும்போது, எதிர் வாகனம் இல்லாததால் வேறு யார் மீதும் வழக்குப் போட வழியில்லை, இருந்த ஒரே பாதுகாப்பும் அந்த ஏ.ஆர். காப்பி வரியால் சிக்கலில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. என் வேலையில் எனக்கு மிகவும் கஷ்டமானது அந்தப் பேச்சுதான். குடித்தவர் போய்விட்டார், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அந்த அம்மா பதில் சொல்கிறார்.

அடுத்தவரைக் கொன்றுவிட்டால் வரும் தொகையைப் பாருங்கள். இறந்தவர் 35 வயது, சொந்தமாகத் தொழில் செய்தவர், மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்தார், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று நாலு பேர் அவரை நம்பி இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 28,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கைக் கழித்தால் வருடத்துக்கு 2,52,000. 35 வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கல் எண் 16. மொத்தம் 40,32,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு போன்றவை தனி. மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் தனி.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். குடிபோதையில் ஓட்டுவதை பாலிசி நிபந்தனை மீறலாக எடுத்துக்கொள்ள, திருத்தப்பட்ட சட்டத்தின் 150வது பிரிவு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இடம் தருகிறது. பாதிக்கப்பட்ட குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது என்பதால், முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. பே அண்ட் ரெக்கவரி என்று எங்கள் வட்டாரத்தில் பேச்சு. இறந்தவரின் குடும்பத்துக்கு இது நல்ல தீர்வு. வண்டி உரிமையாளருக்கோ, வீட்டுப் பத்திரம் வரை கைவைக்கக்கூடிய 40 லட்ச ரூபாய் கடன். கவனியுங்கள், வசூல் உரிமையாளரிடம். அவர் ஒரு சொட்டுகூடக் குடித்திருக்க வேண்டியதில்லை. மச்சினர் "பரோட்டா வாங்கிட்டு வந்துடறேன்" என்று சாவி கேட்டு, இவர் கொடுத்திருந்தால் போதும்.

சிறைத் தண்டனையும் இதே அளவுக்கு ஏறுகிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)ன்படி 5 வருடம் வரை. பழைய சட்டத்தில் இது 2 வருடம்தான். இதில் ஜாமீன் கிடைக்கும். ஆனால் குடித்துவிட்டு ஓட்டினால் ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே ஓட்டினார் என்று நிரூபிக்கப்பட்டால் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற 105வது பிரிவு வரும். 10 வருடம் வரை சிறை, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம், விசாரணை செஷன்ஸ் நீதிமன்றத்தில். 2006ல் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் மீது கார் ஏறி 7 பேர் இறந்த வழக்கிலும், 1999ல் டெல்லியில் பி.எம்.டபிள்யூ. கார் மோதி 6 பேர் இறந்த வழக்கிலும், அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு இணையான 304ன் இரண்டாம் பகுதியில்தான் குற்றம் உறுதியானது. இரண்டு தீர்ப்பும் உச்ச நீதிமன்றத்திலிருந்து 2012ல் வந்தவை.

உங்கள் மீது ஏற்கெனவே 185 வழக்கு இருந்தால், சம்மன் வரட்டும் என்று சும்மா இருக்காதீர்கள். எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது என்று விசாரித்து நேரில் போங்கள். போகாமல் விட்டால் வாரண்ட் வரும். லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் தேதிகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த நாட்களில் சாவியைத் தொடாதீர்கள். வீட்டில் யாராவது விபத்தில் அடிபட்டு, அவர் குடிக்காதவராக இருந்து, ஏ.ஆர். காப்பியில் மது வாசனை என்று எழுதியிருந்தால், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டரிடம் எழுதிக் கொடுங்கள். மறுநாள் கேட்டால் அதில் பயனில்லை. ரத்தத்தில் ஆல்கஹால் இருந்ததா இல்லையா என்று காட்ட அப்போது எதுவும் மிஞ்சியிருக்காது.